பழைய டேப்லெட்டில் ஓடும் ஆப் புதியதில் இல்லை, புது ஆப் பழையதில் ஏறவில்லை. ரீசெட் செய்யலாமா?

#1 ஒற்றைப்பக்கம்

வணக்கம். என்னிடம் இரண்டு டேப்லெட் இருக்கிறது. ஒன்று நான்காம் தலைமுறை ஐபேட், 2012-இல் வந்த மாடல். இயங்குதளம் 10.3.3, அதற்கு மேல் அப்டேட் இல்லை. இன்னொன்று போன மாதம் வாங்கிய புது ஐபேட்.

பழையதில் கையால் எழுதும் குறிப்பேட்டு ஆப் ஒன்று வைத்திருக்கிறேன். எழுதும்போதே ஒலியும் பதியும். பிறகு ஏதாவது ஒரு வரியைத் தொட்டால், அந்த வரியை எழுதிக்கொண்டிருந்த நேரத்தில் வகுப்பில் என்ன பேசினார்கள் என்பது கேட்கும். நான்கு வருட வகுப்புகள், மொத்தம் 187 நோட்டுகள். அந்த ஆப்பைச் செய்த சிறிய நிறுவனம் மூடிவிட்டது. 2014-க்குப் பிறகு அப்டேட்டே வரவில்லை. புது ஐபேடில் தேடினால் அப்படி ஓர் ஆப் இருந்ததற்கான தடயமே இல்லை.

தலைகீழாகவும் சிக்கல். புதியதில் நான் எழுதும் ஆப்பைப் பழையதிலும் போட்டுக்கொள்ளலாம் என்று பார்த்தால், இன்னும் மேலான இயங்குதளம் வேண்டும் என்று சொல்லி நின்றுவிடுகிறது.

பழையது ரொம்ப மெதுவாகவும் ஆகிவிட்டது. ஃபேக்டரி ரீசெட் அடித்தால் வேகம் வரும், புது ஆப்களும் ஏறும் என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னார். இன்றிரவு செய்துவிடலாமா?

#2 தாழ்ப்பாள்

வேண்டாம். ரீசெட் பக்கமே போகாதீர்கள். மீதியை அப்புறம் பேசலாம்.

ரீசெட் அடித்தால் இயங்குதளம் 10.3.3 ஆகவேதான் இருக்கும். புது ஆப் ஒன்றுகூடக் கூடுதலாக ஏறாது. ஆனால் இப்போது ஓடிக்கொண்டிருக்கும் அந்தக் குறிப்பேட்டு ஆப் போய்விடும். கடையில் இல்லாத ஆப்பை எங்கிருந்து திரும்ப இறக்குவீர்கள்? ஆப்போடு சேர்ந்து 187 நோட்டும் போய்விடும்.

இரண்டு கேள்வி: கணினி இருக்கிறதா? பழைய டேப்பை எப்போதாவது கணினியில் பேக்கப் எடுத்திருக்கிறீர்களா?

#3 கம்பிவால்

பதிமூன்று வயது டேப்புக்கு இவ்வளவு பாடா? எடுத்துப் போட்டுவிட்டு வேலையைப் பாருங்கள். எப்படியும் இணையத்தில் பாதிப் பக்கம் அதில் திறக்காது.

#4 ஒற்றைப்பக்கம்

கம்பிவால், போட வேண்டியது டேப் என்றால் நேற்றே போட்டிருப்பேன். உள்ளே இருப்பதுதான் பிரச்சினை.

தாழ்ப்பாள், நல்லவேளை கேட்டேன். கணினி இருக்கிறது. பேக்கப் எடுத்ததே இல்லை. ஒன்று மட்டும் புரியவில்லை: புது ஐபேட் எத்தனையோ மடங்கு வேகமானது. பழைய ஆப்பை ஓட்ட அதற்கு ஏன் முடியாது? பெரிய பாத்திரத்தில் சின்ன பாத்திரம் அடங்காதா என்ன?

#5 தாழ்ப்பாள்

அளவு விஷயமில்லை, மொழி விஷயம். உங்கள் பழைய ஐபேடில் இருப்பது ஏ6எக்ஸ் சிப். அது 32 பிட், அதாவது பழைய வகை. 64 பிட் என்பது புது வகை, இரண்டுக்கும் கட்டளை மொழி வேறு. 2013-இல் வந்த ஐபேட் ஏர்தான் முதல் 64 பிட் ஐபேட், அதில் ஏ7 சிப். அதன் பிறகு நான்கு வருடம் இரண்டு வகை ஆப்பும் ஓடின. 2017 செப்டம்பரில் ஐபேடின் இயங்குதளமான ஐஓஎஸ் 11 வந்தபோது 32 பிட் ஆப்களை ஓட்டும் பகுதியையே எடுத்துவிட்டார்கள். அன்றோடு உங்கள் ஐபேடுக்கும் அப்டேட் நின்றது, உங்கள் ஆப்புக்கும் புது ஐபேட்களில் இடம் போனது. ஒரே வெட்டில் இரண்டு பக்கமும் துண்டானது.

2014-தான் கடைசி அப்டேட் என்கிறீர்கள். புது ஆப்கள் 64 பிட்டிலும் இருக்க வேண்டும் என்று கட்டாயமாக்கியது 2015 பிப்ரவரியில். பழைய ஆப்களின் அப்டேட்டுகளுக்கு அந்த விதி ஜூனில் வந்தது. அதற்கு முன்பே நின்றுபோன ஆப் என்றால் பெரும்பாலும் வெறும் 32 பிட்தான்.

ஆகவே ஆப்பை இடம் மாற்றும் ஆசையை விட்டுவிடுங்கள். டேப்பைக் கேபிள் போட்டுக் கணினியோடு இணைத்து முதலில் ஒரு பேக்கப் எடுங்கள், பிறகு கோப்புகளை வெளியே எடுப்பதைப் பார்ப்போம்.

#6 இரவுக்குருவி

ஆப் ஸ்டோரில் வாங்கியவை என்ற பட்டியலில் போய்ப் பார்த்தீர்களா? புது ஆப் ஒன்றைப் பழைய டேப்பில் நேரடியாகத் தேடி ஏற்றினால் முடியாது என்று சொல்லும். அதே கணக்கில் அந்த ஆப்பைப் புது டேப்பில் முதலில் இறக்கிவிட்டு, பழையதில் வாங்கியவை பட்டியலைத் திறந்து அங்கிருந்து தொட்டால், "உங்கள் இயங்குதளத்துக்கு ஏற்ற பழைய பதிப்பை இறக்கட்டுமா?" என்று கேட்கும். 2013 முதல் இந்த வசதி உண்டு. நான் இப்படித்தான் ஒரு பழைய ஐபேட் மினியில் நாலைந்து ஆப் ஏற்றி வைத்திருக்கிறேன்.

#7 ஒற்றைப்பக்கம்

இப்போதுதான் செய்து பார்த்தேன். அகராதி ஒன்றும் புத்தகம் படிக்கும் ஆப் ஒன்றும் ஏறிவிட்டன! நன்றி. ஆனால் புதியதில் நான் எழுதும் குறிப்பேட்டு ஆப்புக்கு அந்தக் கேள்வியே வரவில்லை. வானிலை ஆப் ஏறியது, திறந்தால் "அப்டேட் செய்யவும்" என்று ஒரே ஒரு பொத்தான். அமுக்கினால் ஆப் ஸ்டோர். அங்கே அப்டேட் இல்லை. மாறி மாறி வட்டம் அடிக்கிறது.

#8 நட்டுபோல்ட்

ஆப் எழுதிப் பிழைப்பவன் என்ற முறையில் மூன்றையும் பிரித்துச் சொல்கிறேன்.

அகராதி ஏறியது ஏனென்றால் அதற்கு வெளியே யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. சொற்கள் உள்ளேயே இருக்கின்றன. இந்த மாதிரி ஆப் அந்த டேப்பின் பேட்டரி இருக்கும் வரை ஓடும்.

குறிப்பேட்டு ஆப்புக்குக் கேள்வி வராததற்குக் காரணம், அது பிறந்ததே பிற்பாடு. 10.3-இல் ஓடிய பதிப்பு என்று ஒன்று இருந்ததே இல்லை. அல்லது இருந்ததை நிறுவனமே பட்டியலிலிருந்து எடுத்திருக்கலாம். அந்த உரிமை அவர்களுக்கு உண்டு.

வானிலை ஆப்தான் சுவாரசியமானது. ஆப் சரியாகவே ஓடுகிறது, எதிரில் இருக்கும் சர்வர்தான் பழைய பதிப்போடு பேச மாட்டேன் என்கிறது. பழைய டேப்களில் நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போவது இந்த வகைதான். டேப்பிலும் பழுதில்லை, ஆப்பிலும் பழுதில்லை, நடுவில் பேச்சுவார்த்தை முறிந்துவிட்டது.

#9 கம்பிவால்

அதைத்தான் சொல்கிறேன். உங்களைப் போன்றவர்கள் வேண்டுமென்றே பழையதைக் கைவிடுகிறீர்கள். புது டேப் விற்க வேண்டுமே.

#10 நட்டுபோல்ட்

கம்பிவால், கோபம் புரிகிறது. விற்கிறவர்களுக்கு அதில் லாபம் இல்லை என்றும் நான் சொல்லமாட்டேன். ஆனால் என் மேஜையிலிருந்து பாருங்கள்.

ஐபேட் ஆப் எழுத எக்ஸ்கோடு என்ற கருவி வேண்டும். 2022-இல் வந்த எக்ஸ்கோடு 14-இல் 32 பிட் ஆப்பைக் கட்டும் வசதியையே நீக்கிவிட்டார்கள். அது ஆதரிக்கும் மிகப் பழைய இயங்குதளம் ஐஓஎஸ் 11. 2023 ஏப்ரல் முதல் ஆப் ஸ்டோருக்கு அனுப்பும் எந்த ஆப்பும் எக்ஸ்கோடு 14.1 அல்லது அதற்குப் பிந்தியதில் கட்டப்பட்டிருக்க வேண்டும். இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். ஒற்றைப்பக்கத்தின் ஐபேடுக்கு ஓர் அப்டேட் தர நானே தலைகீழாக நின்றாலும் அனுப்ப வழி கிடையாது. மனம் இல்லாததால் அல்ல, கதவு இல்லாததால்.

கதவு திறந்திருந்த காலத்திலும் வேலை சும்மா வரவில்லை. ஒவ்வொரு பழைய பதிப்புக்கும் ஒரு டேப்பை மேஜையில் வைத்து ஒவ்வொரு மாற்றத்தையும் சோதிக்க வேண்டும். என் இழுப்பறையில் ஒரு காலத்தில் ஏழு டேப் கிடந்தது. ஒன்றின் பேட்டரி உப்பி, கண்ணாடியே மேலெழுந்துவிட்டது. அன்றைக்கே அந்தப் பதிப்புக்கான ஆதரவை நிறுத்தினேன். உண்மையைச் சொன்னால் நிம்மதியாகத்தான் இருந்தது.

#11 செம்பருத்தி_22

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும், என்னுடையது ஆண்ட்ராய்டு. எனக்கு நேர்மாறான சிக்கல். பழைய டேப்பில் பையன் விளையாடிய புதிர் விளையாட்டின் ஏபிகே கோப்பு (ஆப்பை ஏற்றப் பயன்படும் கோப்பு) என்னிடமே இருக்கிறது. புது டேப்பில் (ஆண்ட்ராய்டு 14) ஏற்றினால், இது பழைய ஆண்ட்ராய்டுக்காகச் செய்யப்பட்டது என்று மறுக்கிறது. ஆண்ட்ராய்டில் எதையும் ஏற்றலாம் என்பார்களே?

#12 தாழ்ப்பாள்

ஏற்றலாம், ஓர் எல்லை வரை. ஒவ்வொரு ஆப்புக்குள்ளும் "நான் இந்த ஆண்ட்ராய்டை மனத்தில் வைத்து எழுதப்பட்டவன்" என்று ஓர் எண் இருக்கும். ஆண்ட்ராய்டு 14, அந்த எண் 23-க்குக் கீழே இருந்தால் ஏற்றாது. 23 என்பது 2015-இல் வந்த ஆண்ட்ராய்டு 6.

ஏன் அந்த எண்? கேமரா வேண்டும், தொடர்புகள் வேண்டும் என்று ஆப் ஒவ்வொன்றாக உங்களிடம் அனுமதி கேட்கும் முறை ஆண்ட்ராய்டு 6-இல்தான் தொடங்கியது. அதற்கு முந்தைய எண்ணைப் போட்டுக்கொண்ட ஆப், ஏற்றும்போதே எல்லா அனுமதியையும் மொத்தமாக வாங்கிக்கொள்ளும். திருட்டு ஆப்கள் இதற்காகவே வேண்டுமென்று 22 என்று போட்டுக்கொண்டன. அந்த ஓட்டையை அடைத்தபோது உங்கள் பையனின் புதிரும் வெளியே மாட்டிக்கொண்டது.

கணினியிலிருந்து டேப்புக்குக் கட்டளை அனுப்பும் ஏடிபி என்ற கருவி வழியாக ஏற்றினால் இந்தத் தடையைத் தாண்டச் சொல்லும் கட்டளை உண்டு. ஏபிகே எங்கிருந்து வந்தது என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் செய்யுங்கள். ஏதோ ஒரு தளத்தில் இறக்கியது என்றால் புதிர் ஆசை வேண்டாம்.

#13 செம்பருத்தி_22

பழைய டேப்பிலிருந்து நானே எடுத்ததுதான். ஏடிபியில் செய்தேன். தடை தாண்டியது, ஆனால் வேறொரு பிழை. சிப்புக்குப் பொருந்தும் பகுதி இல்லை என்ற மாதிரி வருகிறது.

#14 நட்டுபோல்ட்

அப்படியானால் இங்கேயும் அதே 32 பிட் கதைதான். ஜாவாவிலோ கோட்லினிலோ மட்டும் எழுதிய ஆப் என்றால் சிப் மாறினாலும் கவலையில்லை, ஆண்ட்ராய்டு பார்த்துக்கொள்ளும். விளையாட்டுகள் அப்படி இருப்பதில்லை. வேகத்துக்காக சி++ பகுதியைச் சிப்பின் மொழியிலேயே கட்டி வைத்திருப்பார்கள். 64 பிட் வடிவமும் கட்டாயம் என்று பிளே ஸ்டோர் சொன்னது 2019 ஆகஸ்டில்தான். அதற்கு முன் கைவிடப்பட்ட விளையாட்டில் 32 பிட் பகுதி மட்டும் இருந்தால், 64 பிட் மட்டுமே ஓட்டும் புது டேப்பில் அதற்கு வழியில்லை. எந்தக் கட்டளையும் உதவாது.

பழைய டேப்பைப் பையனிடமே கொடுங்கள். இணையத்தை அணைத்துவிட்டுக் கொடுங்கள்.

#15 இரவுக்குருவி

இணையம் என்றதும் ஒரு சந்தேகம். என் பழைய ஐபேட் மினியில் (9.3.5) பல தளங்கள் "பாதுகாப்பான இணைப்பு இல்லை" என்கின்றன. ஒற்றைப்பக்கத்தின் 10.3.3-இல் அதே தளங்கள் திறக்குமா? தேதி எல்லாம் சரியாகத்தான் வைத்திருக்கிறேன்.

#16 தாழ்ப்பாள்

திறக்க வாய்ப்பு அதிகம். தளம் உண்மையானதுதான் என்று உறுதிசொல்ல ஒரு சான்றிதழ் வேண்டும்; ஏராளமான தளங்கள் லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு தரும் இலவசச் சான்றிதழில் நிற்கின்றன. அதற்கு முன்பு பக்கபலமாக இருந்த பழைய மூலச் சான்றிதழ் (மற்றச் சான்றிதழ்களை நம்பலாமா என்று டேப் சரிபார்ப்பது இதை வைத்துத்தான்) 2021 செப்டம்பர் 30-இல் காலாவதி ஆனது. புது மூலச் சான்றிதழை ஐஓஎஸ் 10 முதல் உள்ள இயங்குதளங்களுக்குத் தெரியும். உங்கள் 9.3.5-க்குத் தெரியாது. உங்கள் இரண்டு டேப்புக்கும் நடுவில் சரியாக அந்தக் கோடு ஓடுகிறது.

ஆண்ட்ராய்டில் இந்தக் கோடு 7.1.1. ஆனால் அங்கே ஒரு தப்பிக்கும் வழி இருந்தது: ஃபயர்பாக்ஸ் தன் சான்றிதழ்ப் பட்டியலைத் தானே சுமந்துகொண்டு வரும், இயங்குதளத்திடம் கேட்காது. பழைய ஐபேடில் எந்த பிரவுசரைப் போட்டாலும் உள்ளே ஓடுவது பக்கங்களைத் திறந்து காட்டும், இயங்குதளத்தின் அதே வெப்கிட்தான். அதனால் பிரவுசரை மாற்றிப் பயனில்லை.

எப்படியானாலும் வங்கி, பணம், முக்கிய மின்னஞ்சல் எதையும் இந்த டேப்களில் வைக்காதீர்கள். திறக்காத தளத்தைவிட, பாதுகாப்பு ஓட்டைகளோடு திறக்கும் தளம்தான் எனக்குப் பயம்.

சரி, ஒற்றைப்பக்கம் எங்கே? கேபிள் போட்டீர்களா?

#17 ஒற்றைப்பக்கம்

இங்கேதான் இருக்கிறேன். கேபிளைத் தேடுவதிலேயே ஒரு மாலை போனது. முதலில் கிடைத்தது சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிள் போல, கணினி கண்டுகொள்ளவே இல்லை. இரண்டாவது கேபிளில் டேப் "இந்தக் கணினியை நம்பலாமா?" என்று கேட்டது.

நீங்கள் சொன்ன பேக்கப் முதலில் எடுத்தேன். பிறகு ஐபேடைக் கணினியோடு இணைக்கும் ஐடியூன்ஸ் என்ற நிரலில் கோப்புப் பகிர்வு என்ற பகுதியில் அந்த ஆப்பின் பெயர் இருந்தது! தொட்டால் வலது பக்கத்தில் 187 கோப்புகள் வரிசையாக நிற்கின்றன. எல்லாவற்றையும் கணினிக்கு இழுத்துவிட்டேன். ஆனால் கோப்பின் வால் (பெயரில் புள்ளிக்குப் பின் வருவது) ஏதோ புரியாத நான்கு எழுத்து. எதிலும் திறக்கவில்லை.

ஆப்புக்குள்ளேயே பி.டி.எஃப் ஆக ஏற்றுமதி செய்யலாம். ஆனால் ஒவ்வொன்றாகத்தான். ஒலியும் வராது.

#18 நட்டுபோல்ட்

கோப்பு கணினிக்கு வந்துவிட்டது என்றாலே பாதிக்கு மேல் ஜெயித்தாயிற்று. முழுத் தொகுப்பையும் இன்னொரு டிஸ்கில் ஒரு நகல் போட்டு வையுங்கள். அதைத் தொடக்கூடாது.

இன்னொரு நகலில் ஒரே ஒரு கோப்பை எடுத்து, அதன் வாலை ஜிப் என்று மாற்றித் திறந்து பாருங்கள். இந்த வகை ஆப்கள் பல, எல்லாவற்றையும் ஜிப்பில் சுற்றி மேலே தங்கள் பெயரை ஒட்டிவைப்பது வழக்கம். நாங்கள் எல்லோரும் சோம்பேறிகள்தான், புதிதாகக் கோப்பு வடிவம் கண்டுபிடிக்க யாருக்கு நேரம்.

#19 ஒற்றைப்பக்கம்

திறந்துவிட்டது!!

உள்ளே ஒரு பி.டி.எஃப், ஒரு ஃபோல்டரில் எம்4ஏ ஒலிக்கோப்பு, அப்புறம் எழுத்தும் எண்ணுமாக ஒரு கோப்பு. ஒலியைப் புது ஐபேடுக்கு அனுப்பிக் கேட்டேன். ஆசிரியர் கரும்பலகையில் சாக்பீஸால் தட்டும் சத்தம் வரை தெளிவாக இருக்கிறது. கொஞ்ச நேரம் எழுந்திருக்கவே இல்லை, உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தேன்.

#20 கம்பிவால்

சரி, தூக்கிப் போடச் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். என்னிடமும் ஒரு பழைய ஐபேட் ஏர் இருக்கிறது, 12.5.7. அதில் கடையில் இல்லாத ஓர் இசை ஆப் உண்டு. நானும் பேக்கப் எடுக்க வேண்டுமா?

#21 தாழ்ப்பாள்

எடுங்கள். அதற்கு முன் அமைப்புகளில் போய், பயன்படுத்தாத ஆப்களைத் தானாக நீக்கும் வசதி ஓடிக்கொண்டிருந்தால் அணையுங்கள். ஐஓஎஸ் 11-இல் வந்தது அது. இடம் குறைந்தால் டேப் தானே ஆப்பை நீக்கிவிட்டுத் தரவை மட்டும் வைத்துக்கொள்ளும். ஐகான் இருக்கும், தொட்டால் மறுபடி இறக்கப் பார்க்கும். கடையில் இல்லாத ஆப் என்றால் ஐகான் மட்டும்தான் மிச்சம். ஒருவர் இப்படி இழந்ததைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று: 2017-க்கு முன் ஐடியூன்ஸ் வைத்திருந்த கணினி எங்காவது கிடக்கிறதா? அந்தக் காலத்தில் ஆப்களைக் கணினியிலேயே இறக்கிவைக்கும். 12.7 பதிப்பில்தான் ஆப் ஸ்டோரை ஐடியூன்ஸிலிருந்து எடுத்தார்கள். பழைய டிஸ்கில் ஐபிஏ கோப்புகள் (இறக்கிவைத்த அந்த ஆப்கள்தான்) இருந்தால் அழிக்காமல் வையுங்கள்.

#22 நட்டுபோல்ட்

ஒற்றைப்பக்கம், அந்த எழுத்தும் எண்ணுமான கோப்பில்தான் எந்தக் கோடு எந்த நொடியில் எழுதப்பட்டது என்பது இருக்க வேண்டும். சொந்த விஷயம் இல்லாத ஒரு நோட்டை மட்டும் அனுப்புங்கள். வரியைத் தொட்டால் ஒலி கேட்கும் வசதியை அப்படியே கொண்டுவர முடியும் என்று வாக்குத் தரமாட்டேன். பக்கத்துக்குப் பக்கம் நேரம் குறித்துத் தருவது கடினமில்லை.

#23 ஒற்றைப்பக்கம்

கடைசி நிலவரம். 187-இல் 184 திறந்துவிட்டன. நட்டுபோல்ட் அண்ணா அனுப்பிய சிறிய நிரலை ஓட்டினால் ஒவ்வொரு பி.டி.எஃப்போடும் பக்கம் 1 எத்தனையாவது நிமிடம், பக்கம் 2 எத்தனையாவது நிமிடம் என்று ஒரு பட்டியல் வருகிறது. வரிக்கு வரி இல்லை, பக்கத்துக்குப் பக்கம். எனக்குப் போதும்.

மூன்று நோட்டு மட்டும் ஜிப்பாகத் திறக்க மறுக்கிறது. பேக்கப்பிலிருந்து எடுத்ததும் அதே கதி. ஆனால் பழைய டேப்பில், அந்த ஆப்பில், மூன்றும் சாதாரணமாகத் திறக்கின்றன. பக்கங்களை ஆப்பிலிருந்தே பி.டி.எஃப் ஆக்கிவிட்டேன். ஒலிக்கு என்ன செய்வது என்று யோசித்து, இப்போது அறைக்கதவைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்திவிட்டு இரண்டு டேப்பையும் மேஜையில் எதிரெதிராக வைத்திருக்கிறேன். பழையது பேசிக்கொண்டிருக்கிறது, புதியது பதிந்துகொண்டிருக்கிறது. முதல் நோட்டில் இன்னும் 41 நிமிடம் பாக்கி. தட்டச்சுச் சத்தம் அதில் விழும், அப்புறம் வருகிறேன்.